ஒரு சிறிய மரவேலைப் பட்டறையின் தூசி: பதினான்கு மாத நிகழ்வு ஆய்வு

வீட்டோடு ஒட்டிய ஓர் அறையைப் பட்டறையாக்கி, மாலைகளிலும் வார இறுதிகளிலும் மரவேலை செய்து வருகிறேன். அறையின் நீளம் 5 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், உயரம் 2.8 மீட்டர், மொத்தம் 49 கனமீட்டர் காற்று. 250 மி.மீ. வட்டுடைய டேபிள் சா (மேசையில் பதித்த வட்டவாள்), பேண்ட் சா (பட்டைவாள்), பலகையைச் சீவும் சிறிய பிளேனர், விளிம்பும் பள்ளமும் செதுக்கும் ரவுட்டர் மேசை, கோணத்தில் அறுக்கும் மைட்டர் சா, கையால் பிடித்துத் தேய்க்கும் ஆர்பிட்டல் சாண்டர் ஆகியவை அதற்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. தூசிக்கென்று இரண்டு எந்திரங்கள் இருந்தன. ஒன்று, 1.5 குதிரைத்திறன் மோட்டாரும், மேலே துணிப்பையும், கீழே பிளாஸ்டிக் பையும் கொண்ட ஒற்றைநிலைச் சேகரிப்பான். மற்றொன்று, சாதாரணப் பட்டறை வாக்யூம் கிளீனர். இவ்விரண்டும் இருந்தும் தூசி குறையவில்லை என்பதே இந்த ஆய்வின் தொடக்கம்.

அதை எனக்கு உணர்த்தியவை சிறிய அடையாளங்கள்தாம். மாலையில் பெருக்கித் துடைத்துவிட்டுப் போன அறையில், மறுநாள் காலை கருவிப்பெட்டியின் கறுப்பு மூடிமீது விரலால் எழுதும் அளவுக்கு மாவு போன்ற படலம் இருந்தது. மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையை அறுத்த நாளுக்கு மறுநாள் மூக்கு அடைத்துக்கொண்டது. வீட்டுக்குள் திறக்கும் கதவின் கீழ்விளிம்பில், காற்று கசிந்து போன இடமெங்கும் பழுப்புக் கோடு படிந்திருந்தது. இந்த மூன்றாவது அடையாளம்தான் என்னை அதிகம் உறுத்தியது. பட்டறைக்குள் நான் விரும்பி நுழைகிறேன். வீட்டில் இருப்பவர்கள் அந்தத் தூசியைச் சுவாசிக்க ஒப்புக்கொள்ளவில்லை.

முதலில் தோன்றிய தீர்வு, 3 குதிரைத்திறன் எந்திரம் ஒன்றை வாங்கிவிடுவது. கடைசிவரை அதை வாங்கவில்லை. பழைய மோட்டாரையே வைத்துக்கொண்டு என்னென்ன மாற்றினேன், எவை பலித்தன, எங்கே தவறினேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

எவ்வளவு தூசி அதிகம்?

ஒரு சிறு கணக்கோடு தொடங்கினேன். 18 மி.மீ. தடிமனுள்ள எம்.டி.எஃப். பலகையை, 3 மி.மீ. அகலமாக வெட்டும் வட்டால் ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்தால், 54 கனசென்டிமீட்டர் பலகை தூளாகிறது. கனசென்டிமீட்டருக்கு முக்கால் கிராம் எடை என்று கொண்டால், அது ஏறத்தாழ 40 கிராம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ், மரத்தூசிக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, வேலைநேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 1 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத்தூசிக்கான வரம்பு 2023 ஜனவரி முதல் 2 மில்லிகிராம். கடுமையான வரம்பையே எடுத்துக்கொண்டால், என் அறை முழுவதும் அதை எட்டுவதற்கு 49 மில்லிகிராம் தூசி மிதந்தால் போதும். அதாவது, ஒரே ஒரு மீட்டர் அறுப்பில் வெளிவரும் தூளில் எண்ணூற்றில் ஒரு பங்கு காற்றில் தங்கினாலே அறை வரம்பைத் தொட்டுவிடும். தரையில் குவியும் தூளில் பெரும்பகுதியைச் சேகரிப்பான் அள்ளிக்கொள்கிறது என்பதில் நான் அதுவரை கண்ட நிறைவு, இந்தக் கணக்கைப் போட்டதும் போய்விட்டது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கைப் பிடித்தாலும், மீதி ஒரு பங்கில் மிதக்கும் அளவுக்கு நுண்ணியது எவ்வளவு என்பதே கேள்வி.

மிதப்பது எது என்பதைத் துகளின் பருமன் தீர்மானிக்கிறது. அசையாத காற்றில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் நொடிக்குச் சுமார் 3 மி.மீ. வேகத்தில் இறங்கும், தலைக்கு மேலே 2 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்குப் பதினோரு நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அதே தூரம் பதினாறு மணி நேரம். கருவிப்பெட்டியின் மூடியில் காலையில் கண்ட மாவு, இரவெல்லாம் இறங்கியது. அது இறங்கிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இல்லாதது நல்லது. ஆனால் அதற்கு முன்பு, அறை சுத்தமாகிவிட்டது என்று நம்பி முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூசியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான முதல் வகையில் சேர்த்திருக்கிறது. மூக்கறையிலும் அதனை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் தோன்றும் புற்றுநோயோடு அது தொடர்புடையது. அந்தச் சான்றுகள் ஆண்டுக்கணக்கில் நாள் முழுவதும் தூசியில் உழைத்த தொழிலாளர்களைப் பற்றியவை. வார இறுதியில் நான்கு மணி நேரம் வேலை செய்பவருக்கு அதே ஆபத்து அதே அளவில் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலையில் உள்ள கூரை உயரமும் காற்றோட்டமும் வீட்டு அறையில் இல்லை. ஒவ்வாமைக்கோ இத்தனை ஆண்டுக் கணக்கு தேவையில்லை. தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்) மர வகைகள் சில, வெஸ்டர்ன் ரெட் சீடர் எனும் செந்நிற ஊசியிலை மரம் ஆகியவற்றின் தூசி தோலிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது.

முதல் தவறு

கீழ்ப்பை நிறைவதற்கு வெகுமுன்பே மேல்பை அடைத்துக்கொள்வதுதான் கோளாறு என்று நானாகவே முடிவுகட்டி, வாளியின்மேல் பொருத்தும் பிளாஸ்டிக் சைக்ளோன் ஒன்றை வாங்கினேன். காற்றை அது சுழற்றுகிறது. கனமான துகள்கள் சுவரோரமாக ஒதுங்கிக் கீழே வாளியில் விழுகின்றன. நுண்ணிய தூசியோடு காற்று மட்டும் மேலே போகிறது. தத்துவத்தில் குறையொன்றுமில்லை. நான் வாங்கிய சைக்ளோனின் வாய் 50 மி.மீ.; என் சேகரிப்பானின் ஹோஸ் 100 மி.மீ. இடையில் இரு பக்கமும் குறுக்கிகளைப் போட்டு இணைத்துவிட்டேன்.

பை சுத்தமாக இருந்தது. இரண்டு வாரம் அதை வெற்றி என்றே எண்ணினேன். பிறகு டேபிள் சாவின் அடிப்பெட்டியைத் திறந்தபோது, வட்டின் அச்சு வரைக்கும் தூள் குவிந்திருந்தது. பைக்குத் தூள் போய்ச் சேரவே இல்லை என்பதால்தான் பை சுத்தமாக இருந்திருக்கிறது.

சேகரிப்பானும் வாக்யூமும் ஒரே வேலையைச் செய்யும் பெரியதும் சிறியதுமான எந்திரங்கள் என்று எண்ணியிருந்ததே இந்தத் தவறின் வேர். அவை இரண்டும் வெவ்வேறு பிறவிகள். வாக்யூமின் விசிறி சிறியது, மிக வேகமாகச் சுழல்வது. குழாயில் நீரை எவ்வளவு உயரம் இழுத்து நிறுத்தும் என்ற நீர்மட்டக் கணக்கில் 2,000 மி.மீ. அளவுக்கு அது இழுக்கும், ஆனால் மணிக்கு நூற்றிச் சொச்சம் கனமீட்டர் காற்றைத்தான் நகர்த்தும். சேகரிப்பானின் விசிறி அகன்றது. ஆயிரம் கனமீட்டரையும் தாண்டி நகர்த்த வல்லது, ஆனால் அதன் இழுவை 200 அல்லது 250 மி.மீ. நீர்மட்டத்தோடு முடிந்துவிடும். ஒடுங்கிய வாயை வாக்யூம் பொருட்படுத்தாது. சேகரிப்பானோ அங்கேயே மூச்சுத் திணறிவிடும். அகன்ற உறிஞ்சுவாயில் வாக்யூம் எதையும் சாதிக்காது என்பதும் இதன் மறுபக்கம். எந்த எந்திரத்துக்கு எதை வாங்குவது என்ற தேர்வில் முக்கால்வாசி இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

அளந்து பார்த்தபோது

இதன் பிறகே அளவுக் கருவிகளைத் தேடினேன். கையடக்கமான காற்றுவேகமானி ஒன்று. நுண்துகளைக் காட்டும் லேசர் உணரி ஒன்று. ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயை யூ வடிவில் பலகையில் பொருத்தி, வண்ணம் கலந்த நீர் ஊற்றி நானே செய்துகொண்ட அழுத்தமானி ஒன்று. லேசர் உணரி மரத்தூசிக்கென்று அளவீடு செய்யப்பட்டதன்று. அது காட்டும் எண்ணை எந்த வரம்போடும் ஒப்பிட முடியாது. அதே அறையில், அதே இடத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அதை ஒப்பிடலாம்; அதற்கு மட்டுமே பயன்படுத்தினேன்.

சேகரிப்பானின் பெட்டியில் மணிக்கு 2,000 கனமீட்டர் என்று அச்சிட்டிருந்தது. 6 மீட்டர் நெளிவு ஹோஸின் முனையில், ஒரு மீட்டர் நேரான வழவழப்புக் குழாயைச் சேர்த்து அளந்தபோது, காற்றின் வேகம் நொடிக்கு 15 மீட்டர். 100 மி.மீ. குழாய்க்கு அது மணிக்கு ஏறத்தாழ 425 கனமீட்டர். அச்சிட்டதில் ஐந்தில் ஒரு பங்கு. சைக்ளோனை இணைத்ததும் வேகம் 6 மீட்டராக, ஓட்டம் 170 கனமீட்டராகச் சரிந்தது. அச்சிட்ட எண் பொய் என்று சொல்லமாட்டேன். ஹோஸும் பையும் இல்லாமல் வெறும் விசிறியை அளந்தால் அப்படி வரலாம். ஆனால் ஹோஸும் பையும் இல்லாமல் அந்த எந்திரத்தை யாரும் பயன்படுத்துவதில்லை. வாங்குபவர் பார்க்க வேண்டியது, எதிர்ப்பு ஏற ஏற ஓட்டம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் விசிறி வளைகோட்டை. அது தரப்படாத எந்திரங்களில் விசிறியின் விட்டத்தையும் மோட்டாரின் திறனையும் ஒப்பிடுவது அச்சிட்ட ஓட்டத்தை நம்புவதைவிட மேல்.

விசிறிக்கும் பைக்கும் நடுவே அழுத்தமானியைச் செருகியபோது, தூசி ஏறிய பை 90 மி.மீ. நீர்மட்டம் காட்டியது, வெளியே கொண்டுபோய் உதறிய பிறகு 40. எந்திரத்தின் மொத்த இழுவை 200 அல்லது 250 மட்டுமே இருக்கும்போது, அழுக்கான பை ஒன்றே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. அடைப்பு ஏறுவதைக் கருவி இல்லாமலும் காதால் அறியலாம்: காற்று குறையக் குறைய விசிறியின் இரைச்சல் மெலிந்து சுருதி சற்றே ஏறும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டமும் குறையும். எந்திரம் சுமையில்லாமல் ஓடுவதால் எல்லாம் நலம் என்று தோன்றும். உண்மையில் அது காற்றை நகர்த்தவில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஒரு சோதனை என்னை அதிர வைத்தது. ஒரு காலை, எதையும் அறுக்காமல், சேகரிப்பானை மட்டும் இயக்கினேன். உணரி 18 காட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் 110 ஆயிற்று. துணிப்பை 30 மைக்ரான் தரம் கொண்டது. புதிய நிலையில் அது நுண்துகளைத் தடுக்காது. பயன்பாட்டில் உட்புறம் ஒட்டும் தூசிப்படலம்தான் வடிகட்டியாக வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை விசிறி கிளம்பும்போதும் பை உப்பி உதறப்பட்டு, அந்தப் படலம் கலைந்து, பழைய தூசியின் மிக நுண்ணிய பகுதி வெளியே வருகிறது. நான் மூக்கைக் காப்பதற்காக வாங்கி வைத்த எந்திரம், கண்ணுக்குத் தெரியும் தூளை எடுத்துவைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத தூசியை அறை முழுதும் தெளித்துக்கொண்டிருந்தது. என் பட்டறையில் முதலில் திருத்த வேண்டியது வாளோ சாண்டரோ அல்ல, இந்தச் சேகரிப்பான்தான் என்பது அன்று தெரிந்தது.

வடிகட்டி

துணிப்பைக்குப் பதிலாக மடிப்பு வடிகட்டி உருளை ஒன்றைப் பொருத்தினேன். இதில் இரண்டு நன்மைகள் உண்டு; இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. முதலாவது, 1 மைக்ரான் அளவில் தடுக்கும் இழை. இரண்டாவது, பரப்பு. 48 செ.மீ. விட்டமும் 75 செ.மீ. உயரமும் கொண்ட என் பையின் துணிப்பரப்பு, மேல்மூடியையும் சேர்த்துச் சுமார் 1.3 சதுரமீட்டர். மடிப்புகளை விரித்துக் கணக்கிட்டால் உருளையின் பரப்பு 6 சதுரமீட்டர். ஒரே அளவு காற்று நான்கு மடங்குக்கு மேல் அகன்ற பரப்பில் கடக்கும்போது, இழையின் நுண்மை கூடியும் எதிர்ப்பு குறைந்தது: சுத்தமான நிலையில் 15 மி.மீ. நீர்மட்டம். நுண்ணிய பை வாங்குபவர் அதே அளவுப் பையையே வாங்கினால் இது நடக்காது. தூசியைத் தடுப்பார், ஓட்டத்தை இழப்பார்.

பொருத்திய பிறகும் உணரி முழுதாக அடங்கவில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து எந்திரத்தைச் சுற்றி வந்தேன். கீழ்ப்பையை இறுக்கும் உலோகப் பட்டியின் பூட்டுக்கு அடியில், புகைபோல ஒரு மெல்லிய தூசிக் கீற்று வெளியே வந்துகொண்டிருந்தது. உட்புறம் பஞ்சுப்பட்டை ஒட்டி இறுக்கியதும் நின்றது. இப்போது எதையும் அறுக்காமல் சேகரிப்பானை இயக்கினால், உணரியின் எண் ஏறுவதற்குப் பதில் மெல்ல இறங்குகிறது.

மடிப்பு வடிகட்டிக்கு ஒரு தொல்லை இருக்கிறது. பிளேனரின் சுருள்கள் மடிப்புகளின் இடுக்கில் சிக்கிக்கொண்டால் எளிதில் வராது. உருளைக்குள் இருக்கும் துடுப்பை ஒவ்வொரு வேலைநாளின் முடிவிலும், எந்திரத்தை நிறுத்திய பிறகு, நான்கைந்து சுற்று சுற்றிவிடுகிறேன். அழுத்தக் காற்றை நெருக்கமாக ஊதிச் சுத்தம் செய்தால் இழை கிழிந்துவிடும். ஊத வேண்டுமென்றால் வெளியே கொண்டுபோய், தூரத்திலிருந்து, வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கி.

குழாய்: 100, 125, 150

ஒரே ஓட்டத்துக்கு, குழாயின் உராய்வு இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 100-இலிருந்து 125-க்குப் போனால் இழப்பு மூன்றில் ஒன்றாகிறது. 150-க்குப் போனால் ஏழில் ஒன்றுக்கும் கீழே. நெளிவு ஹோஸில் உராய்வு, அதே விட்டமுள்ள வழவழப்பான குழாயைப் போல இரண்டு மூன்று மடங்கு. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்த்தால், கூரையிலிருந்து தொங்கித் தொய்ந்து வளைந்திருந்த என் 6 மீட்டர் ஹோஸ்தான் பெரிய எதிரி என்பது விளங்கியது. எந்திரத்தின் வாயில் 100 மி.மீ. கிளைகள் இரண்டு பிரியும் பிளாஸ்டிக் உறுப்பு பொருத்தப்பட்டிருந்தது. அதைக் கழற்றினால் உள்ளே இருக்கும் வாய் 150 மி.மீ. பல எந்திரங்கள் இப்படித்தான் வருகின்றன; அந்த உறுப்பைக் கழற்ற முடியும் என்பது தெரியாமலே பலர் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள்.

அப்படியானால் முழுவதும் 150 போடுவதுதானே முறை என்று கேட்கலாம். நானும் முதலில் அதையே செய்தேன். ஆனால் மரத்தூளும் சுருளும் படுக்கைக் குழாயில் தங்காமல் ஓட, காற்று நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். 150 மி.மீ. குழாயில் 20 மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 1,270 கனமீட்டர். என் மோட்டாரால் அது ஆகாது. அளந்தபோது கிடைத்தது 13 மீட்டர், 830 கனமீட்டர். பிளேனரை ஓட்டிய பிறகு குழாயைப் பிரித்துப் பார்த்தால், அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சுருள் படுத்துக் கிடந்தது. 125 மி.மீ. குழாயை மாற்றிப் போட்டபோது வேகம் 18 மீட்டர், ஓட்டம் 795 கனமீட்டர். ஓட்டத்தில் இழந்தது சொற்பம். குழாய் தன்னைத் தானே துடைத்துக்கொள்ளும் வேகத்தை அடைந்துவிட்டது. 3 குதிரைத்திறன் எந்திரம் இருந்திருந்தால் 150 சரியான தேர்வாகியிருக்கும். விட்டத்தை விசிறியோடு சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றைத் தனியாக நல்லது என்று சொல்ல முடியாது.

மற்றவை எளியவை. குழாய் திரும்பும் இடத்தில், ஒரு 90 பாகை எல்போவுக்குப் (வளைவு மூட்டுக்கு) பதில் இரண்டு 45 பாகை எல்போக்களை இடைவெளி விட்டுப் பொருத்தினேன். ஒவ்வோர் எந்திரத்துக்கும் முன்னால் மட்டும் 80 செ.மீ.க்கு மிகாமல் ஹோஸ். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தடுப்புக் கதவு. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் திறந்திருக்கும். மூட்டுகளை ஊதுபத்திப் புகையால் சோதித்து, புகை உள்ளே இழுபடும் இடங்களில் டேப் சுற்றினேன்.

குழாய் பிளாஸ்டிக் என்பதால் நிலைமின்சாரம் பற்றிச் சொல்ல வேண்டும். சுருள் கம்பி பதித்த ஹோஸ்களின் முனையில் கம்பியை உரித்து எந்திரத்தின் உடலோடு இணைத்ததில், கையில் சுரீரென்று அடிப்பது நின்றது. பிளாஸ்டிக் மின்கடத்தாப் பொருள் ஆதலால், மேலே வெறுங்கம்பி சுற்றுவது அதன் முழுப்பரப்பின் மின்னேற்றத்தையும் இறக்கிவிடாது. தீயைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது தீப்பொறியை: மரத்துக்குள் மறைந்திருக்கும் ஆணியை வாள் தொட்டால் பறக்கும் பொறி, பைக்குள் போய்ப் புகைந்து, நான் தூங்கும்போது பற்றலாம். உலோகம் தேய்க்கும் எதையும் இந்தக் குழாயோடு இணைப்பதில்லை. பழைய மரம் அறுத்த நாளில் பையை அன்றே அறைக்கு வெளியே எடுத்துவிடுகிறேன்.

பிடிக்க வேண்டிய இடம்

உறிஞ்சும் வாயிலிருந்து விலக விலக இழுவை எவ்வளவு விரைவாக அழிகிறது என்பது, நேரில் பார்க்காதவருக்கு நம்பக் கடினம். வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே, காற்றின் வேகம் வாயில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஊதும்போது அறையின் மறுமூலை வரை எட்டும் விசிறி, உறிஞ்சும்போது ஒரு சாண் தாண்டாது. மறுபுறம், 250 மி.மீ. வட்டு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுழலும்போது, அதன் பல் நொடிக்கு 52 மீட்டர் வேகத்தில் போகிறது. தூளும் ஏறத்தாழ அந்த வேகத்தில் கிளம்புகிறது. 18 மீட்டர் வேகக் காற்று அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. தூள் பறக்கும் வழியில் உறிஞ்சுவாய் போய் நிற்க வேண்டும்.

டேபிள் சாவின் அடிப்பெட்டி பின்புறம் திறந்தது. பிளைவுட் வெட்டி அடைத்தேன். முதலில் எல்லாவற்றையும் அடைத்துவிட்டதில் ஓட்டமே சரிந்தது. வெளியே இழுக்கும் காற்றுக்கு ஈடாக உள்ளே நுழைய வழி வேண்டும். 125 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்பு சுமார் 123 சதுர சென்டிமீட்டர். குறைந்தது அந்த அளவுக்குத் திறப்பு விட்டு, அந்தத் திறப்புகளை வட்டின் அருகே காற்று பாயும்படி அமைத்ததும் பெட்டிக்குள் தூள் தங்குவது நின்றது. ஆனால் பலகையின் ஓரத்தைச் சீவலாக அறுக்கும்போது, வட்டின் ஒரு பக்கம் வெட்டவெளியில் இருப்பதால், தூள் மேசைக்கு மேலே என் நெஞ்சை நோக்கியே பறந்தது. வட்டுக்கு மேலே ஒளி ஊடுருவும் கவசம் ஒன்றை அமைத்து, அதற்கு 63 மி.மீ. கிளைக் குழாய் ஒன்றைக் கொடுத்தேன். ஒரே எம்.டி.எஃப். துண்டுகளை ஒரே எண்ணிக்கையில் அறுத்து உணரியைப் பார்த்ததில், பழைய அமைப்பில் 310. அடிப்பெட்டியைத் திருத்தியபின் 170. மேற்கவசமும் சேர்ந்தபின் 60. கவசம் விரலையும் காக்கிறது; அந்தக் காரணத்துக்காகவே முன்பே அமைத்திருக்க வேண்டும்.

பேண்ட் சாவில், வாள்பட்டையை நேராகப் பிடிக்கும் கீழ் வழிகாட்டிக்கு நேர் அடியில் ஒரு வாய் வைத்தேன், போதுமானது. ரவுட்டர் மேசைக்கு, பலகையை அணைத்துத் தள்ளும் தடுப்புச் சட்டத்திலும் அடிப்பெட்டியிலும் ஒவ்வொன்று. பிளேனர் கொட்டுவது பெரும்பாலும் கனத்த சுருள். பையை நிறைப்பது அது, மூச்சைக் கெடுப்பது அதிகம் அன்று.

மூச்சைக் கெடுப்பதில் முதலிடம் சாண்டருக்கு. அதன் சொந்தத் துணிப்பையோடு பத்து நிமிடம் தேய்த்ததில் உணரி 420-ஐத் தாண்டியது. எந்த வாளும் அந்த எண்ணை எட்டவில்லை. உப்புத்தாள் உண்டாக்குவது ஏறக்குறைய முழுவதும் நுண்தூசி. தரையில் குவியாததால் அதை யாரும் தூசியாகவே எண்ணுவதில்லை. இங்கே வாக்யூம்தான் சரியான எந்திரம்: வாய் சிறியது, ஹோஸ் ஒடுங்கியது, உறிஞ்சும் துளைகள் தேய்க்கும் பரப்பிலேயே இருக்கின்றன. வாக்யூமின் வடிகட்டியை, மிக நுண்ணிய துகளையும் தடுக்கும் ஹெப்பா தரத்துக்கு மாற்றினேன். பயனற்றுக் கிடந்த 50 மி.மீ. சைக்ளோனை வாக்யூமுக்கு முன்னால் வைத்ததும், அது பிறந்ததே இதற்காக என்பதுபோல் வேலை செய்தது. ஹோஸ் முனை ஒரு முறை பலகையில் முழுவதும் ஒட்டிக்கொண்டபோது, சைக்ளோனின் அடியில் இருந்த பெயின்ட் வாளி பெரும் சத்தத்தோடு உள்வாங்கி நசுங்கியது. இப்போது அடியில் இருப்பது கனத்த சுவருள்ள பீப்பாய். மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன், ஏனெனில் அடியில் சிறிது காற்று கசிந்தாலும் விழுந்த தூள் மேலே கிளம்பி வடிகட்டிக்குப் போய்விடும். வலைபோன்ற உப்புத்தாளோடு இதே பத்து நிமிடத்தில் உணரி காட்டியது 35.

மிச்சம்

பிடிபடாமல் தப்பும் தூசிக்காக, கூரையில் மணிக்கு 400 கனமீட்டர் நகர்த்தும் காற்றுவடிகட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். அது அறைக் காற்றை மணிக்கு எட்டு முறை புரட்டுகிறது. காற்று நன்றாகக் கலக்கும் அறையில், தூசி இருபதில் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 22 நிமிடம் ஆகும். ஆகவே வேலை முடிந்து அரை மணி நேரம் அது ஓடிக்கொண்டிருக்கும். நான் வெளியே இருப்பேன். இதை முதலில் வாங்கி, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுபவரை நான் தடுப்பேன். தூசி என் மூக்கைக் கடந்த பிறகுதான் கூரைக்குப் போகிறது.

காற்றை வெளியே விட்டுவிடும் யோசனையும் இருந்தது. வடிகட்டியே தேவைப்படாது என்பது அதன் பெரும் கவர்ச்சி. ஆனால் மணிக்கு 795 கனமீட்டர் வெளியேறினால், 49 கனமீட்டர் அறை மணிக்குப் பதினாறு முறை காலியாகிறது. அதே அளவு காற்று நுழைய அகன்ற திறப்பு வேண்டும். திறப்பு போதாத வீட்டில், எரிவாயு அடுப்பின் அல்லது சூடேற்றியின் புகைக்குழாய் வழியே கார்பன் மோனாக்சைடு உள்ளே இழுக்கப்படலாம். என் சுவருக்கு அப்பால் அண்டை வீட்டின் சன்னல் இருப்பதும் சேர்ந்து, அந்த யோசனையைக் கைவிட்டேன்.

தீராதது மைட்டர் சா. அதன் பின்னால் இருக்கும் சிறு வாய், வட்டைச் சாய்க்கும்போது தூள் பறக்கும் திசையை விட்டு விலகிவிடுகிறது. மூன்று பக்கமும் கூரையும் கொண்ட கூண்டு செய்து, அடியில் 125 மி.மீ. குழாயும் வட்டின் பின்னால் வாக்யூமும் இணைத்ததில், உணரியின் எண் பாதியாகத்தான் குறைந்தது. கூண்டின் ஆழத்தைக் கூட்டினால் நீண்ட பலகையைத் திருப்ப இடமில்லை. குறைத்தால் தூள் முன்புறம் சிதறுகிறது. வட்டோடு சேர்ந்து சாயும் ரப்பர் நாக்கு ஒன்றை வாயில் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது சரியாகும் வரை, மைட்டர் சாவைச் சக்கரப் பலகையில் ஏற்றி வெளிக்கதவருகே தள்ளிச் சென்று அறுக்கிறேன். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 கவசம் அப்போது முகத்தில் இருக்கும், அறுத்து முடித்து அரை மணி நேரம் கழியும் வரை அதைக் கழற்றுவதில்லை.